பதினெட்டுக் கிலோவும் ஒரு ரொட்டியும்

ஹந்தானை மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். வயது நாற்பத்தாறு. ஒருநாள் கிளினிக்கிலிருந்து நேரே வந்தவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கொப்பியில் "உடற்பயிற்சி: தினம் 30 நிமிட நடை" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எடையைக் குறைக்க வேண்டுமாம், சீனி எல்லையில் நிற்கிறதாம்.

"தம்பி, காலையில இருந்து நான் மலையிலதான நிக்கிறேன். இதுக்கு மேல எங்க போயி நடக்கச் சொல்றாங்க? மலைக்குப் போறதே எக்சசைஸ்தானே? அப்புறம் ஏன் ஒடம்பு மட்டும் கொறையமாட்டேங்குது?"

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டதும் பலர் சிரித்துவிடுவார்கள். உடலியலில் எழுபது வருடங்களுக்கு மேலாக நடக்கும் ஒரு பெரிய விவாதமே இவற்றுக்குள் இருக்கிறது. அக்கா பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் அவர் உடம்பின் வரவு செலவைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் இந்த வேலைக்கும் பழைய உறவு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலையை நட்ட லூல்கந்துர, கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட பக்கம் இருக்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். அங்கே பழைய உருளைகளையும் எஞ்சின்களையும் பார்க்கலாம். இத்தனை வருடமும் மலையேறிய உடம்புகளின் கணக்கு மட்டும் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. அதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

அக்கா காலை நாலு மணிக்கு எழும்புகிறார். தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தி, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிறகு மலை. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தேயிலை நிரையில் இறங்கினால் இரண்டு கையும் நிற்காது. முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழ அவருடைய தோட்டத்தில் 18 கிலோ வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து ஒன்று ஒரு கிராம் என்று தாராளமாக வைத்தாலும், மாலைக்குள் பதினெட்டாயிரம் கொழுந்துகள் அந்த விரல்களுக்கிடையே முறிந்திருக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர்.

இதில் உடம்பு எங்கே அதிகம் எரிகிறது? விரலும் முன்கையும் சின்னத் தசைகள். அவை வலிக்கும், மரத்துப் போகும், ஆனால் அதிகம் எரிக்கா. நின்றபடி, மெதுவாக அடியெடுத்து வைத்தபடி பறிப்பதும் மிதமான செலவுதான். இதயத்தை அடித்துக்கொள்ள வைப்பது ஏற்றம். கீழ் மலையில் பறித்த கொழுந்தைச் சுமந்துகொண்டு கொழுந்து நிறுக்கும் ரோட்டோரத்து மடுவத்துக்கு ஏறும் அந்தச் சில நிமிடங்கள்.

அந்த ஏற்றத்தை அளந்து பார்ப்போம். அக்காவின் எடையை 60 கிலோ என்றும் கூடையை 10 கிலோ என்றும் ஏறும் உயரத்தை 100 மீட்டர் என்றும் வைப்போம். எழுபது கிலோவை நூறு மீட்டர் உயர்த்துவதற்கான வேலை சுமார் 68,600 ஜூல், அதாவது ஏறத்தாழ 16 கலோரி (உணவுப் பொதிகளில் அச்சிடும் கிலோகலோரியைத்தான் இந்த நூல் முழுவதும் கலோரி என்கிறேன்). நம் தசைகள் எரிப்பதில் கால்பங்கு அளவே வேலையாக மாறும், மிச்சம் சூடாகிப் போகும். ஆகவே உடம்புக்கு உண்மையில் ஆகும் செலவு சுமார் 65 கலோரி. ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம், அதாவது 20 கலோரி. மூச்சு முட்ட ஏறிய அந்த மலை, மேலே வந்ததும் குடிக்கும் தேத்தண்ணியில் போடும் மூன்று கரண்டிச் சீனிக்குச் சமம்.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எனக்கே மனம் ஒப்பவில்லை. பட்ட பாட்டுக்கும் எரிந்த கலோரிக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. மனித உடம்பு மிகச் சிக்கனமான இயந்திரம். பஞ்சத்திலும் நீண்ட நடையிலும் பிழைத்து வந்த இனத்துக்கு அது வரம். எடை குறைக்க நினைப்பவருக்கு அதுவே தடை.

முழு நாளுக்கும் பார்ப்போம். சும்மா படுத்திருந்தாலே 60 கிலோ எடையுள்ள நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,330 கலோரி அளவு வேண்டும். மூச்சு, இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓட வேண்டுமே. வேலையின் பாரத்துக்கு ஏற்ப இதை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கு ஒன்றரை, மலையில் நிற்பவருக்கு 1.85 என்று வைத்தால், கண்டி டவுனில் கந்தோரில் இருக்கும் அதே எடைப் பெண்ணுக்கு 2,000, அக்காவுக்கு 2,460. வித்தியாசம் 460. கோதுமை மா 100 கிராமில் சுமார் 360 கலோரி இருக்கிறது. ஒரு பெரிய ரொட்டி, அத்துடன் சீனி போட்ட இரண்டு தேத்தண்ணி. நாள் முழுக்க மலையில் நின்ற உழைப்பு அதோடு சரி. அந்த ரொட்டியில் தேங்காய்ப்பூவும் சேர்ந்திருந்தால் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று வங்காளத்தில் இருக்கிறது. 1956இல் ஜோன் மேயர், பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா மூவரும் கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையையும் ஒப்பிட்டார்கள். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், பருமனாகவும் இருந்தார்கள். இலேசான வேலை செய்தவர்கள் குறைவாகவே சாப்பிட்டார்கள். அதற்கு மேல் வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, எடை மட்டும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. மூட்டை சுமந்தவரை அவர் சுமை மேலும் மெலிய வைக்கவில்லை. வேலை கேட்டதைப் பசி வாங்கிக் கொடுத்துவிட்டது.

பசி மட்டுமா? உடம்பு வேறு இடங்களிலும் மிச்சம் பிடிக்கிறது. தான்சானியாவின் ஹாட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். ஆண்கள் நாளுக்குப் பதினொரு கிலோமீட்டர் அளவு நடக்கிறார்கள். ஹெர்மன் பொன்ட்சரின் குழு 2012இல் அவர்களுடைய நாட்செலவை அளந்து, உடல் அளவைச் சரிசெய்து ஒப்பிட்டபோது, அது அமெரிக்க நகரவாசியின் செலவுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. 2021இல் 1,754 பேரின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னோர் ஆய்வு, அசைவால் கூடுதலாக எரிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறிடத்தில் குறைத்துக்கொள்கிறது என்றது. கடும் உழைப்பு செலவைக் கூட்டவே கூட்டாது என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. காம்பியாவின் விவசாயப் பெண்கள் பயிர்க்காலத்தில் ஓய்வுச் செலவைப்போல இரு மடங்கு எரிப்பதை 1989இலேயே அளந்திருக்கிறார்கள். செலவு கூடத்தான் செய்கிறது. நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடுவதில்லை.

தோட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொழுந்து ஒரே சீராக வராது. மழைக்குப் பிறகு மலை முழுக்கத் தளிர்க்கும், கோடையில் கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். ரொட்டியின் பருமன் மட்டும் குறையாது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அம்மாமார் பலர் சில வருடங்களிலேயே பருத்துவிடுவதற்கும் இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் மலைக்குப் பழகிய தட்டு, மலை நின்ற பிறகும் அதே அளவில் வருகிறது.

அக்காவின் முதல் கேள்விக்கு வருவோம். மலைக்குப் போவது உடற்பயிற்சியா?

லண்டனில் ஜெரி மொரிஸ் 1953இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். இரட்டை மாடி பஸ்களில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளைவிட மாரடைப்பு குறைவு. வேலையில் அசைவது இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. மூன்று வருடம் கழித்து அவரே இன்னொன்றைக் கவனித்தார். சீருடை தைத்த அளவுகளைப் புரட்டினால், சாரதிகளின் காற்சட்டை இடுப்பு ஆரம்பத்திலிருந்தே பெரிது. தன் முடிவையே திரும்பக் கேள்வி கேட்கும் இந்த நேர்மைக்காக மொரிஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பிறகு டென்மார்க்கிலிருந்து வேறு செய்தி வந்தது. அந்திரெயாஸ் ஹோல்டர்மானின் குழு 2021இல் கோப்பன்ஹேகன் பகுதியில் 1,04,046 பேரைச் சுமார் பத்து வருடம் தொடர்ந்த முடிவுகளை வெளியிட்டது. ஓய்வு நேரத்தில் நன்றாக அசைந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 40 சதவீதம் குறைவு. வேலையில் மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கு அதே அபாயம் 27 சதவீதம் அதிகம். இந்த வித்தியாசத்தில் வறுமைக்கு ஒரு பங்கு இருக்கும், அதை எந்தக் கணக்காலும் முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது. நோர்வேயில் நடந்த பெரிய ஆய்வொன்று ஆண்களிடம் இப்படிப்பட்ட தீங்கைக் காணவில்லை. விவாதம் முடியவில்லை. என்றாலும் டேனிஷ் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் மலையில் நின்று பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

உடற்பயிற்சி என்பது கொஞ்ச நேரம் இதயத்தைத் துரத்திவிட்டுப் பிறகு ஓயவிடுவது. அந்த ஓய்வில்தான் தசை வளர்கிறது, இரத்தக்குழாய் தளர்கிறது, ஓய்வு நாடி இறங்குகிறது. மலையில் நடப்பது வேறு. இதயத்தைப் பலப்படுத்தப் போதாத வேகம், ஆனால் எட்டு மணி நேரம் இறங்காத நாடி. பாரத்தோடு ஏறும்போது இரத்த அழுத்தம் எகிறுகிறது. கழுத்தும் இடுப்பும் ஒரே கோணத்தில் வளைந்தபடி நிற்கின்றன, தலையில் கயிறு மாட்டிக் கூடையைத் தொங்கவிட்டால் முழுப் பாரமும் கழுத்தெலும்புக்குப் போகிறது. மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம் என்ற சுதந்திரமும் இல்லை. ஏரியைச் சுற்றி மாலையில் நடக்கும் கண்டிக்காரர் களைத்தால் சுவரில் உட்காருவார். நிரையில் நிற்பவர் களைத்தால் கிலோ குறையும்.

ஆகவே மலை வேலை, வேலைதான். அதற்கு மேலே இன்னொரு அரை மணி நேர நடையை ஏற்றச் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த உடம்பின் இரத்தம் எப்படி இருக்கிறது?

நம் மலைநாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இதில் உலகப் புகழ் பெற்றது. எங்கள் ஊரிலேயே அதைத் தெரிந்தவர் குறைவு என்பது எனக்கு ஆறாத வருத்தம். அமெரிக்க உடலியலாளர் எட்ஜர்டன், கார்ட்னர் ஆகியோருடன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்த பிரையன் செனவிரத்னவும் சேர்ந்து தேயிலைத் தோட்டப் பெண்களை ஆராய்ந்தார்கள். 1977இல் வெளியான பகுதியில் பெண்களை ஓடுபட்டையில் ஏற்றிப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் குறையக் குறைய அவர்கள் தாக்குப்பிடித்த நேரமும் குறைந்தது. 1979இல் வந்த பகுதி இன்னும் கூர்மையானது. சிலருக்கு இரும்பு மாத்திரை, சிலருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. ஒரு மாதத்தில், இரும்பால் ஹீமோகுளோபின் ஏறியவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். ஹீமோகுளோபின் நூறு மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 6 முதல் 9 கிராம் வரை இறங்கியிருந்தவர்களிடம் முன்னேற்றம் அதிகம். அவர்களது அன்றாட அசைவையும் கருவி மாட்டி அளந்தார்கள். இரும்பு பெற்றவர்கள் சில கிழமைகளிலேயே கூடுதலாக அசைந்தார்கள்.

அவர்களை அசைய வைத்தது எந்தப் புத்திமதியும் இல்லை. இரத்தம் தேறியது, கால் தானாக நடந்தது.

இதன் பொறிமுறை எளிது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராம் இருந்தால் 16 மில்லிலீற்றர், 8 கிராம் இருந்தால் 11 கூட இல்லை. அதே மலையை ஏறும்போது அதே அளவு ஒட்சிசனைக் கொண்டுசேர்க்க, 8 கிராம் உள்ள பெண்ணின் இதயம் ஒன்றரை மடங்கு இரத்தத்தைத் தள்ள வேண்டும். மாலையில் லயத்துக்கு வந்து அசையாமல் கிடக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் எவரும் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

இதில் தேத்தண்ணிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தேயிலையின் பொலிபீனோல்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உறிஞ்சுவது வெகுவாகக் குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதிப்புக் குறைவு. அதே தட்டில் அரைத் தேசிக்காயைப் பிழிந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். ஆனால் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. இலங்கையில் தலசீமியா மரபு உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், அந்தச் சோகை இரும்பால் தீராது. இரத்தப் பரிசோதனை முதலில்.

அக்காவுக்குப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4.

அதனால் எங்கள் திட்டம் எடையிலிருந்து தொடங்கவில்லை. வைத்தியர் இரும்பு கொடுத்தார், தேத்தண்ணி ரொட்டியிலிருந்து விலகியது. அதன் பிறகுதான் தட்டுக்கு வந்தோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 250, 300 குறைத்தால் ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ. மலையில் நிற்பவருக்கு இதைவிட வேகம் கூடாது. பசியோடு சரிவில் நிற்பவருக்குக் கால் தடுமாறும், கிலோவும் குறையும், பேரும் போகும்.

அந்த 250 எங்கிருந்து? அக்கா ஒரு நாளைக்கு ஆறு கோப்பை தேத்தண்ணி குடிப்பார், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. 90 கிராம், 360 கலோரி. ஒரு கரண்டிக்கு இறங்கினால் 240 மிச்சம். வேறு எதையும் தொடவே தேவையில்லை. ஒரே நாளில் இறங்கவும் வேண்டாம், நாக்குக்குச் சில கிழமை கொடுத்தால் போதும். காலை ரொட்டியையும் பகல் சாப்பாட்டையும் கைவைக்காமல் விட்டோம், உழைப்புக்கு அதுதான் எரிபொருள். ராத்திரி ரொட்டியில் ஒன்று போய் அந்த இடத்தில் பருப்போ, அவித்த கடலையோ, நெத்தலியோ, கிடைக்கும் நாளில் முட்டையோ வந்தது. எடை இறங்கும்போது தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும். நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் ஏறிய குடும்பங்களிடம் முட்டையைப் பற்றிப் பேசும்போது அதன் விலையையும் நினைத்துத்தான் பேச வேண்டும்.

மிகக் கடினமாக இருந்தது தூக்கம். 2010இல் சிக்காகோவில் பத்துப் பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஒரே அளவு குறைந்த சாப்பாடு, இரண்டு கிழமை எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு இரண்டு கிழமை ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கியது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவு, மிச்சம் போனது தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத எடை. மலையேறும் பெண் இழக்கவே கூடாதது தசைதான். நாலு மணிக்கு எழும்புபவர் ஒன்பதுக்காவது படுக்க வேண்டும். அதற்கு வீட்டில் வேறு யாராவது சட்டி கழுவ வேண்டும். அக்காவின் மகன் கழுவினான். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதற்குத்தான் பலன் அதிகம் என்று நம்புகிறேன்.

உடற்பயிற்சி? இருந்தது, ஆனால் நடை இல்லை. உடம்பு நாள் முழுக்கச் செய்யாத அசைவுகளை மட்டும் எடுத்தோம். மலையில் முன்னால் குனிகிறவர் மாலையில் குப்புறப் படுத்து நெஞ்சை மெல்ல உயர்த்தினார். சுவரில் முதுகை ஒட்டி நின்று கைகளை மேலே சறுக்கினார், தோள் திறக்க. முதுகு வளையாமல் இடுப்பால் மடிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் பழகினார். கிழமைக்கு மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம். கொழுந்து குறைந்த நாட்களிலும் ஞாயிறன்றும் மட்டும், இரத்தம் தேறிய பிறகு, பாரம் இல்லாமல் ஒரு சிறு ஏற்றத்தைப் பேச்சு திணறும் வேகத்தில் மூன்று நிமிடம் ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி. நான்கு தடவை. எப்போது நிற்பது என்று அவரே முடிவெடுத்தார். மடுவத்து ஏற்றத்தில் அந்த உரிமை அவருக்கு இல்லை.

எடையை அடிக்கடி பார்க்க வேண்டாம் என்றேன். தெற்காசிய உடம்பில் கொழுப்பு வயிற்றுக்குள் கூடுதலாகச் சேர்கிறது. பெண்ணுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சீனி வியாதிக்கும் இதய நோய்க்கும் கவனம் வேண்டும் என்பதே நமக்குப் பொருத்தமான எல்லை. லயத்தில் அளவு நாடா இருக்கவில்லை. படங்கு கட்டும் கயிறு இருந்தது. தையல்காரரின் நாடாவை வைத்து அந்தக் கயிற்றில் 80இல் ஒரு முடிச்சுப் போட்டேன், அன்று அவருடைய இடுப்பு நின்ற 91இல் இன்னொன்று.

ஐந்து மாதம் கழித்து மடுவத்துக்குப் போனேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா படங்கை அவிழ்த்துக் கயிற்றை என் கையில் கொடுத்தார். இரண்டு முடிச்சுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று, அவரே போட்டது.

"அளந்து பாருங்க தம்பி," என்றார்.

86.